5-எச்ஐஏஏ கூடுதலாக வருகிறது, மாஸ் ஸ்பெக் பீக்கில் ஒரு குறையும் இல்லை. எங்கே பார்ப்பது?

வைகைக்கரை | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு தனியார் லேபில் பயோகெமிஸ்ட்டாக இருக்கிறேன். 24 மணிநேர சிறுநீரில் 5-எச்ஐஏஏ (செரட்டோனின் உடைந்து வரும் பொருள், செரட்டோனின் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் கூடும்) பார்க்க, நான்கு மாதம் முன்புவரை எலெக்ட்ரோகெமிக்கல் டிடெக்டர் வைத்த எச்பிஎல்சி-யைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது எல்சி-எம்எஸ்எம்எஸ்ஸுக்கு, அதாவது மூலக்கூறை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்குக்கு மாறிவிட்டோம். சிறுநீரை ஃபார்மிக் அமிலம் கலந்த தண்ணீரில் இருபது மடங்கு நீர்க்க வைத்து, இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டு அளக்க, தெரிந்த அளவில் போடும் பொருள்) சேர்த்து, அப்படியே ஏற்றுகிறோம். முன்பு ஒரு சாம்பிளுக்கு அரை மணிநேரம் காத்திருந்த இடத்தில் இப்போது ஐந்து நிமிடம். பழைய மெஷினில் யாராவது பாராசிட்டமால் சாப்பிட்டிருந்தால் பீக்குக்குப் பக்கத்திலேயே ஒரு தோள் போல எழும். இப்போது அந்தத் தொல்லையே இல்லை.

போன வாரம் வந்த ஒரு கேஸ்தான் தூங்கவிடவில்லை. 48 வயது அம்மா, எடை 54 கிலோ. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு, அடிக்கடி முகம் சூடாகிறது என்கிறார். ரிசல்ட் நாளுக்கு 71 மைக்ரோமோல். எங்கள் மேல் எல்லை 42. அதே கேனிலிருந்து மறுபடி எடுத்து ஓட்டினேன், 70 வந்தது. கன்ட்ரோல் இரண்டும் எல்லைக்குள். ஆனால் சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். "உங்கள் புது மெஷினை நம்பலாமா?" என்று டாக்டர் போனில் நேராகவே கேட்டார். நம்பலாம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எதை வைத்துச் சொன்னேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்றே முடிவு கட்டி அழுதுகொண்டிருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எங்கே பார்க்கச் சொல்வீர்கள்?

மாஸ்_மாரி | திங்கள், இரவு 10.02

தம்பி, முதலில் மெஷின் பக்கத்தை முடித்துவிடுவோம். பாசிட்டிவ் மோடா, நெகட்டிவ் மோடா? பாசிட்டிவ் என்றால் 5-எச்ஐஏஏ-வின் 192 எடை அயனி உடைந்து 146 ஆகிறது. போன 46 ஒரு தண்ணீரும் ஒரு கார்பன் மோனாக்சைடும். நெகட்டிவ்வில் 190 உடைந்து அதே 146, அங்கே போவது கார்பன் டை ஆக்சைடு 44. இரண்டிலும் 146 வருவதால் மோட் மாற்றியவர்கள் செட்டிங் குழப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பாசிட்டிவ்வில் சரிபார்க்க 118 இருக்கிறது. 146-க்கும் 118-க்கும் உள்ள விகிதம் அந்த அம்மா சாம்பிளிலும் ஸ்டாண்டர்டிலும் ஒன்றுதானா?

அப்புறம் இன்டர்னல் ஸ்டாண்டர்ட். ஐந்து டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உள்ளதா, அதாவது 197-இல் வருவதா? டியூட்டீரியம் கூடக்கூட அது கொஞ்சம் முன்னாலேயே வெளியேறும். இரண்டு பீக்கும் சேர்ந்து வராவிட்டால், சிறுநீர் உப்பு ஒன்றை அமுக்கும், மற்றதை விட்டுவிடும், அப்போது விகிதம் பொய் சொல்லும். டீ-பீஸ் (இரண்டு ஓட்டங்களைச் சேர்க்கும் இணைப்பு) போட்டு 5-எச்ஐஏஏ கரைசலைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே வெறும் சிறுநீரை ஏற்றிப் பார்த்தீர்களா? முதல் நிமிடத்தில் கோடு பள்ளத்தில் விழும், அது உப்பு. உங்கள் பீக் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவுக்கு முந்தைய சாம்பிள் யாருடையது? அதன் மிச்சம் இதில் ஒட்டி வந்திருக்கலாம்.

வைகைக்கரை | திங்கள், இரவு 11.25

மாரி அண்ணா, பாசிட்டிவ் மோட்தான். 118 விகிதம் ஸ்டாண்டர்டோடு அப்படியே ஒத்துப்போகிறது. 197-இல் வரும் டி5 தான் போடுகிறோம், இரண்டு பீக்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறது. இன்டர்னல் ஸ்டாண்டர்ட் பரப்பும் மற்ற சாம்பிள்களைப் போலவே இருக்கிறது, அமுங்கவில்லை. முதல் நிமிட ஓட்டத்தைக் கழிவுக்குத் திருப்பிவிடுகிறோம்.

முந்தைய சாம்பிள் பற்றி நீங்கள் கேட்டதும் பயந்துவிட்டேன். அது எங்கள் பழைய நோயாளி ஒருவருடையது, 2,100 மைக்ரோமோல். ஆனால் நடுவில் பிளாங்க் (5-எச்ஐஏஏ இல்லாத வெறும் கரைசல்) போட்டிருக்கிறோம், பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. மறுநாள் தனியாக ஓட்டியபோதும் 70 தானே வந்தது.

மாஸ்_மாரி | திங்கள், இரவு 11.31

அப்படியென்றால் மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தக் கேனில் அவ்வளவு 5-எச்ஐஏஏ நிஜமாகவே இருக்கிறது. மேலே பொன்னி அக்கா வந்து சொல்லட்டும்.

பொன்னி_பயோகெம் | செவ்வாய், காலை 6.45

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சோதனையைக் கவனித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1955-இல் உடன்ஃபிரெண்ட், ஷோர்ட்ஸ்மா, வைஸ்பாக் ஆகியோர் இதற்கு நைட்ரோசோநாஃப்தால் வண்ணச் சோதனையைக் கொடுத்தார்கள். சிறுநீரில் 5-எச்ஐஏஏ இருந்தால் ஊதா நிறம் வரும். என் முதல் லேபில் அந்த ஊதாவை நானே பார்த்திருக்கிறேன். இருமல் மருந்தில் இருக்கும் குவாய்ஃபெனெசினுக்கும் நிறம் வந்துவிடும். இருமலோடு வந்தவருக்குக் கட்டி இருப்பதாக ரிப்போர்ட் போகும் ஆபத்து அன்றைக்கு நிஜமாகவே இருந்தது. எச்பிஎல்சி வந்ததும் அது தீர்ந்தது, ஆனால் பாராசிட்டமால் போல எலெக்ட்ரோடில் வினைபுரிகிற ஆட்கள் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். மாஸ் ஸ்பெக்கில் அவர்களும் போனார்கள், பாராசிட்டமால் 152-இல் வருகிறது, 192 பக்கமே எட்டிப் பார்க்காது. இப்படி ஒவ்வொரு முறையும் வேஷம் போட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பியிருக்கிறோம்.

தம்பி, வாழைப்பழம் வேஷம் போடவில்லை. அதில் இருப்பது உண்மையான செரட்டோனின். உடம்பு அதை மோனோஅமீன் ஆக்சிடேஸ் வைத்து உடைத்து உண்மையான 5-எச்ஐஏஏ ஆக்குகிறது. மூலக்கூறு ஒன்றே, எடை ஒன்றே, உடைவதும் ஒரே மாதிரி. கட்டியிலிருந்து வந்த 192-க்கும் பழத்திலிருந்து வந்த 192-க்கும் வித்தியாசம் காட்ட எந்த ட்ரிப்பிள் க்வாட் மாஸ் ஸ்பெக்காலும் முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முடியாது.

கணக்குப் போட்டே பாருங்கள். வாழைப்பழச் சதையில் ஒரு கிராமுக்குச் சுமார் 15 மைக்ரோகிராம் செரட்டோனின். நூறு கிராம் பழத்தில் ஒன்றரை மில்லிகிராம். செரட்டோனின் மூலக்கூறு எடை 176, ஆக எட்டரை மைக்ரோமோல். அதில் பெரும்பகுதி 5-எச்ஐஏஏ ஆகிச் சிறுநீரில் வந்துவிடும். இரண்டு பழம் என்றால் 17. சமையல் வாழைக்காயில் கிராமுக்கு 30 அளவில் இருக்கிறது. மதியம் இரண்டு கரண்டி வாழைக்காய் பொரியல், இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பழம். நம் வீடுகளில் இது சாதாரண நாள். மேல் எல்லை 42 என்று வைத்திருக்கும் சோதனையில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். அன்னாசி, கிவி, பிளம்ஸ், தக்காளி, அக்ரூட் இவற்றிலும் இருக்கிறது, கத்திரிக்காயையும் அவகாடோவையும் சேர்த்தே விலக்கச் சொல்வோம்.

அதனால் அந்த அம்மாவிடம் போனில் பேசுங்கள். ஃபார்மில் "உணவுக் கட்டுப்பாடு: ஆம்" என்று டிக் அடித்திருப்பதை நம்பாதீர்கள், அதை அடித்தது கவுண்டரில் இருப்பவர். "நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு என்ன எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். "பழம் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் பத்துப் பேரில் பாதிப் பேர் ஆப்பிளை நினைத்து இல்லை என்பார்கள்.

இன்னொன்று, கேனில் எவ்வளவு கிரியாட்டினின் இருந்தது? அது ஒரு நாளில் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும், அதனால் பிடித்தது சரியாக 24 மணிநேரம்தானா என்று காட்டிக்கொடுக்கும்.

கோவை_குடல்மருத்துவர் | செவ்வாய், மதியம் 2.15

பொன்னி மேடம் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை மட்டும். வாழைப்பழம் சாப்பிட்டார் என்று தெரிந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். வாழைப்பழம் சாப்பிடுபவருக்கும் கட்டி வரும்.

நாம் சாப்பிடும் ட்ரிப்டோஃபானில் (உணவுப் புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) சுமார் ஒரு சதவீதம்தான் சாதாரணமாகச் செரட்டோனின் பக்கம் போகும். கார்சினாய்டு சிண்ட்ரோம் (இந்தக் கட்டிகள் சுரப்பதால் வரும் வயிற்றுப்போக்கு, முகச்சூடு) உள்ளவரிடம் பாதிக்கு மேலும் போகலாம். சிலருக்கு நியாசின் செய்ய மிச்சமே இல்லாமல் பெல்லக்ரா (நியாசின் குறைபாட்டு நோய்) வருவது இதனால்தான். அப்படிப்பட்டவர்களின் எண் நூறுகளில் இருக்கும், சில சமயம் ஆயிரங்களில். 71 என்பது இரண்டுங்கெட்டான் எண். சீலியாக் நோயிலும் குடல் சரியாக உறிஞ்சாத நிலைகளிலும் இவ்வளவு வரும், ஆறு மாத வயிற்றுப்போக்குக்கு நான் அதையும் தேடுவேன். 48 வயதில் முகம் சூடாவதற்கு மாதவிடாய் நிற்பதும் காரணமாக இருக்கலாம். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாது, நோயாளி "சூடு" என்றுதான் சொல்வார், அதனால் எந்த வகைச் சூடு என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எண் குறைவாக வந்தால் கட்டி இல்லை என்று அர்த்தம் கிடையாது. நடுக்குடல் கட்டிகளைத்தான் இந்தச் சோதனை நன்றாகப் பிடிக்கும். நுரையீரல், இரைப்பைக் கட்டிகள் சிலவற்றுக்குக் கடைசி நொதி இல்லாததால் செரட்டோனினுக்கு முந்தைய 5-எச்டிபி-யோடு நின்றுவிடும். மலக்குடல் கட்டிகள் பெரும்பாலும் செரட்டோனின் சுரப்பதே இல்லை. சிறுநீரகம் மோசமாக இருந்தாலும் எண் இறங்கும்.

மகள்_ஒருத்தி | செவ்வாய், இரவு 8.50

நான் லேபில் வேலை செய்பவள் இல்லை. என் அம்மாவுக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. மூன்று வருடமாக மாதா மாதம் ஊசி போகிறது. உங்கள் பேச்சு பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

போன வருடம் ஒரு லேபில் 5-எச்ஐஏஏ 41 என்று வந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு லேபில் கொடுத்தோம், 198. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து மடங்கு ஏறிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். அம்மாவிடம் சொல்லாமல் மூன்று நாள் மறைத்தோம். டாக்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முதல் லேப் மில்லிகிராமில் கொடுத்திருக்கிறது, இரண்டாவது மைக்ரோமோலில். உண்மையில் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டில் அலகு சின்ன எழுத்தில் ஓரமாக இருந்தது. உங்களில் யாராவது ரிப்போர்ட் வடிவமைப்பவர்களாக இருந்தால் தயவுசெய்து இரண்டு அலகிலும் போடுங்கள்.

கேன் விஷயமும். முதல் தடவை உள்ளே அமிலம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா நேராகக் கேனிலேயே போக முயன்று தொடையில் தெறித்துப் புண்ணானது.

பொன்னி_பயோகெம் | செவ்வாய், இரவு 9.30

அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் அப்பா உட்கார்ந்த அந்த பஸ் ஸ்டாண்ட் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. லேப் ஆட்கள் எல்லோரும் கவனியுங்கள்: 5-எச்ஐஏஏ மூலக்கூறு எடை 191.2, ஆக ஒரு மில்லிகிராம் 5.23 மைக்ரோமோல். 198 மைக்ரோமோல் என்பது 38 மில்லிகிராம். ரிப்போர்ட்டில் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போட ஒரு வரிதான் செலவு. முறையை மாற்றினால் "இந்தத் தேதியிலிருந்து முறை மாறியிருக்கிறது" என்று எழுதுவதும், பழைய நோயாளிகளுக்கு ஒரு தடவையாவது இரண்டு முறையிலும் ஓட்டி எண்களைப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதும் நம் கடமை.

அமிலம்: 5-எச்ஐஏஏ வெளிச்சத்திலும் காரத்தன்மையிலும் கெடும், அதனால்தான் அமிலம் போட்டுக் கருப்புக் கேனில் பிடிக்கிறோம். ஆனால் ஆறு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. போரிக் அமிலத் தூள் போட்டுக் கொடுக்கலாம், வந்ததும் பிஎச் பார்த்துத் தேவைப்பட்டால் லேபில் சரிசெய்யலாம். அமிலம் சேர்ந்ததும் யூரிக் அமிலம் அடியில் மணலாகப் படியும், கேனை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள்.

கோவை_குடல்மருத்துவர் | செவ்வாய், இரவு 10.05

மகளே, இன்னும் ஒன்று. அம்மாவுக்கு எக்கோ எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். செரட்டோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடிக்க வைக்கும். நாளுக்கு 300 மைக்ரோமோலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உங்கள் அம்மா அதற்குக் கீழேதான் இருக்கிறார், இருந்தாலும் தவறாமல் பார்ப்பது நல்லது. பின்னால் டெலோட்ரிஸ்டாட் என்ற மாத்திரை எழுதினால், அது செரட்டோனின் உற்பத்தியையே தடுப்பதால் எண் இறங்கும். அந்த இறக்கத்தைக் கட்டி சுருங்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாழ்_சிவா | புதன், அதிகாலை 3.20

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. இங்கே பல இடங்களில் பிளாஸ்மா 5-எச்ஐஏஏ-க்கு மாறிவிட்டோம். இரவு சாப்பிடாமல் இருந்து காலையில் ஒரு குழாய் இரத்தம், அவ்வளவுதான். 24 மணிநேரச் சிறுநீர் எண்ணோடு நன்றாக ஒத்துப்போகிறது. வயதான சனத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வாறது சரியான கஷ்டம், அது போய்விட்டது. ஆனால் இரத்தத்தில் அளவு மிகக் குறைவு, லீட்டருக்கு நானோமோல் கணக்கு. சிறுநீரைப் போல நீர்க்க வைத்து ஏற்ற ஏலாது, முதலில் புரதத்தைப் படிய வைக்க வேணும், மெஷினும் நல்ல உணர்திறனோடு இருக்க வேணும். சிறுநீரகம் பழுதான ஆட்களுக்கு இரத்த எண் பொய்யாக ஏறும். வாழைப்பழத்தை இதற்கும் முதலே நிறுத்தத்தான் வேணும் தம்பி.

மாஸ்_மாரி | புதன், காலை 7.40

சிவா சொன்னதோடு ஒன்று. கேலிப்ரேஷனுக்கு 5-எச்ஐஏஏ இல்லாத சிறுநீர் உலகத்தில் யாரிடமும் கிடையாது. தண்ணீரில் ஸ்டாண்டர்ட் போடுபவர்கள், மூன்று நான்கு பேர் சிறுநீரில் தெரிந்த அளவு சேர்த்துச் சரிவு ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டர்ட் கரைசலைப் பழுப்புக் குப்பியில் வையுங்கள். ஜன்னல் ஓரத்தில் தெளிவான குப்பியில் வைத்திருந்த ஒரு லேபுக்குப் போயிருக்கிறேன். ஸ்டாண்டர்ட் கெட்டு இறங்க இறங்க நோயாளிகள் எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

வைகைக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 9.00

எல்லோருக்கும் பதில் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

அந்த அம்மாவிடம் பேசினேன். பொன்னி அக்கா சொன்னபடியே கேட்டேன். "சாப்பிட்ட பிறகு என்னப்பா, ஒரு தாம்பூலம், ரெண்டு பழம்" என்றார். மலச்சிக்கலுக்கு என்று ஒரு காலத்தில் ஆரம்பித்ததாம், இருபது வருடப் பழக்கம். கேன் பிடித்த அன்று வீட்டில் வாழைக்காய் வறுவலும் செய்திருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாடு பற்றி யாரும் சொல்லவே இல்லை என்றார்.

கிரியாட்டினினும் பார்த்தேன். அளந்து, கணினியில் ஏற்றி, யாரும் பார்க்காமல் விட்டிருக்கிறோம். 1.4 கிராம். 54 கிலோ பெண்ணுக்கு 0.8-இலிருந்து 1.1-க்குள் வர வேண்டியது. கேட்டால், முதல் நாள் காலை எழுந்ததும் போனதையும் கேனில் சேர்த்திருக்கிறார், மறுநாள் காலையும் சேர்த்து, மதியம் வரைக்கும் போனதையும் வீணாக்க வேண்டாமென்று ஊற்றியிருக்கிறார். முப்பது மணிநேரத்துக்கு மேல் பிடித்த சிறுநீரை ஒரு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

மூன்று நாள் கட்டுப்பாட்டுக்குப் பிறகு புதுக் கேன். கிரியாட்டினின் 0.96 கிராம், 5-எச்ஐஏஏ 31 மைக்ரோமோல். டாக்டரிடம் முழுவதையும் விளக்கினேன். சீலியாக் சோதனைக்கு இரத்தம் கேட்டிருக்கிறார், ஆறு மாதம் கழித்து மறுபடி இதையும் பார்க்கலாம் என்றார். நேற்று அந்த அம்மாவே லேபுக்கு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

இனி கிரியாட்டினின் எல்லைக்கு வெளியே இருந்தால் 5-எச்ஐஏஏ ரிப்போர்ட் என் கையெழுத்துக்கு வராமல் போகாதபடி மாற்றியிருக்கிறேன். இரண்டு அலகும் போடுகிறோம். கேனோடு கொடுக்க ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்:

"இந்தக் கேனில் மருந்துத் தூள் இருக்கிறது, கொட்டவோ கழுவவோ வேண்டாம். சிறுநீரை முதலில் ஒரு மக்கில் பிடித்து, பிறகு கேனில் ஊற்றுங்கள். மூன்று நாள் முன்பிருந்து பிடித்து முடிக்கும்வரை வாழைப்பழம், வாழைக்காய், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய், கிவி, பிளம்ஸ், அவகாடோ, அக்ரூட் வேண்டாம். வாழைக்காய் சிப்ஸும் பஜ்ஜியும் வேண்டாம். தக்காளி போடாத புளி ரசம், மோர்ச் சாதம் சாப்பிடலாம். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள், டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்த வேண்டாம். காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். அதன் பிறகு மறுநாள் காலை 6 மணிவரை போவதெல்லாம் கேனில் சேர வேண்டும். 6 மணிக்குப் போவதுதான் கடைசி. கேனை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்."

பொன்னி_பயோகெம் | அடுத்த செவ்வாய், இரவு 9.40

நன்றாக இருக்கிறது தம்பி. முதல் சிறுநீரை விட்டுவிடுவது பற்றிய வரியை மேலே கொண்டுபோய்ப் பெரிய எழுத்தில் போடுங்கள், தவறு அங்கேதான் நடக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவுண்டரில் வாயால் சொல்ல ஒருவரைப் பழக்குங்கள்.

மகள்_ஒருத்தி | அடுத்த செவ்வாய், இரவு 10.15

மக்கில் பிடிக்கச் சொன்ன வரிக்கு நன்றி. அம்மாவுக்கு எக்கோ எடுத்துவிட்டோம், வால்வு நன்றாக இருக்கிறதாம். சீட்டில் பஞ்சாமிர்தத்தையும் சேர்த்துவிடுங்கள் சார். அதுவும் வாழைப்பழம்தானே. உங்கள் பக்கம் பழநி போய்வந்தவர்கள் பிரசாதம் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். சீட்டில் இருந்தால் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சாப்பிடுவார்கள்.

வைகைக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 10.20

சேர்த்துவிட்டேன் அக்கா. நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கிறேன்.